கழுத்தில் சாம்பல்

மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
தாராவியில் தையல்கடைக்கு மேலே
இரும்பு ஏணி ஏறினால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை.
ஞாயிறு காலை வரும் இருபத்து மூன்று பிள்ளைகள்.
ஷிப்பிங் ஆபீசில் பில் சரிபார்க்கிற நான்தான்
இந்த வருஷம் புத்தகம் வாங்க வேண்டியவள்.

மாட்டுங்கா கடைக்காரர் நல்ல மனிதர்.
"பத்து புத்தக செட், மேடம். கிழியாத அட்டை.
ஒவ்வொன்றிலும் கடைசியில் நீதி இருக்கு."
திருப்பிப் பார்த்தேன். இருந்தது, கட்டம் கட்டி.
பாயசம் குடித்துவிட்டு வாய் துடைக்கிறவனைக் கூப்பிட்டு
கையில் ரசீது கொடுத்த மாதிரி.

அடுத்ததை அங்கேயே நின்று வாய்விட்டுப் படித்தேன்.
"அது ஒரு அழகான நாளாக இருந்தது."
இருந்ததாம்.
எங்கள் சந்தில் எந்த வாயும்
இப்படி ஒரு கதையைத் தொடங்கியதில்லை.
இன்னொன்றைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தேன்:
சுவரோரம் உட்காரும் இசக்கிராஜாவுக்கு
இந்த எலி எலியாகத் தெரியுமா, கறையாகத் தெரியுமா?
ரயில் புத்தகத்தில் ரயில் புகை விட்டது.
எங்கள் ரயில் புகை விடாது.
ஆள் தொங்கும்.
தண்ணீர்ப் புத்தகத்தில் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது.
எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.
அந்தப் பக்கத்தில் கடிகாரம் இல்லை.

இப்படியே கழித்தால் வெறும் பையோடுதான் போகணும்
என்று கடைக்காரர் சொல்லவில்லை.
மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

கடைசியில் எடுத்தது பதினொன்று.
இட்லி வேகும் ஆவியை மட்டும்
ஒரு வார்த்தை இல்லாமல் நாலு பக்கம் வரைந்திருந்த ஒன்று.
பல் விழுவதைப் பற்றி ஒன்று;
ரத்தம் வரும், உப்புக் கரிக்கும் என்று
மறைக்காமல் சொன்னது.
நண்டு ஓடு கழற்றிவிட்டு
இரண்டு நாள் பயந்து கிடக்கிற ஒன்று.
அப்புறம் பறவைகள். வழவழத் தாள், முந்நூற்றைம்பது ரூபாய்.
அதை மட்டும் நான் சோதிக்கவே இல்லை.
உண்மைத் தகவல்கள் என்று
அட்டையிலேயே போட்டிருந்தது.

ஞாயிறு. ஏழாம் பக்கம். காகம்.
"காக்கா என்ன கலரு?"
"கறுப்பு" என்றார்கள் இருபத்திரண்டு பேர்.
நாலரை வயசு ஜெபவர்ஷினி மட்டும் எழுந்து
ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள்.
கேபிள் ஒயரில் அது இருந்தது,
ஒரு மீன் செதிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு.
"அக்கா, இதுக்குக் கழுத்துல சாம்பல் இருக்கு.
புத்தகத்துக் காக்காவுக்கு எங்க?"

எனக்கு முப்பத்தாறு வயது.
அமாவாசைக்கு அமாவாசை சோறு வைத்திருக்கிறேன்,
கா கா என்று கூப்பிட்டு, வரும்வரை காத்திருந்து.
கழுத்தைப் பார்த்ததில்லை.
காகம் என்ற சொல்லுக்குத்தான் வைத்திருக்கிறேன் போல.
வரைந்தவரும்
சொல்லைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

திருப்பிக் கொடுத்துவிடலாமென்று பைக்குள் வைத்தேன்.
எடுத்து வெளியே போட்டார்கள்.
சாக்பீஸ் தேய்த்துக் கழுத்து வைத்தாயிற்று.
விரல் பட்டால் அழிகிறது.
வாராவாரம் யாராவது ஒருத்தர்
ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து
மறுபடி போட வேண்டியிருக்கிறது.
எதுவரை சாம்பல், எங்கிருந்து கறுப்பு என்று
இன்னும் தீராத சண்டை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
குப்பை லாரியின் பாகங்கள் என்று ஒன்று,
கடைக்காரர் சும்மா திணித்தது.
அச்சு மங்கல், தமிழ் படுமோசம்.
அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.
அதற்குத்தான் முதலில் தையல் விட்டுப்போனது.
கீழே நசீர் பாயிடம் கொடுத்து
இரண்டு தடவை ஊசி போட்டு வாங்கியாயிற்று.
ஹைட்ராலிக் என்ற சொல்லை
இசக்கிராஜாகூடச் சுவரோரத்திலிருந்தே
சரியாகச் சொல்கிறான்.
சத்தமாகப் படிக்கும்போது
நான்தான் இன்னும் தடுக்குகிறேன்.