நீலம் ஏற்றிய வெறுமை

சிவ்ரி கிடங்கில் ஜூலை.
தகரக் கூரைமேல் மழை பேசுவதால்
நாங்கள் பேசுவதில்லை.

எண்பத்தேழு மரப்பெட்டிகள்.
கடலடியில் மூவாயிரத்துச் சொச்சம் மீட்டரில்
துரப்பணம் கடித்தெடுத்த மணற்பாறை,
கைக்குழந்தையின் தொடைப் பருமனில்.
சாய்ந்த வரிகள் தெரிகின்றன.
பெயரில்லாத ஆறு ஒன்று
கிழக்கிலிருந்து வந்திருக்கிறது,
வந்து போனதற்கு
வரி மட்டும் கட்டியிருக்கிறது.

முதலில் நாக்கால் தொட்டுப் பார்ப்பேன்.
ஒட்டினால் களிமண்.
ஃபரீதா கோண்ட்கரி முகம் சுளிப்பாள்,
பிறகு அவளும் நக்குவாள்.
ஒட்டியது.

மெல்லிய சீவலில் நீலப் பிசின் ஏற்றினோம்.
எங்கே ஒன்றுமில்லையோ அங்கே நீலம்.
எங்கள் தொழிலில்
இருப்பதைவிட இல்லாததற்குத்தான் விலை.

நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் மணிகள்
எட்டரை மணி பன்வேல் வண்டியின் தோள்களாய்
ஒன்றின் வளைவில் ஒன்று புதைந்து.
இடையிடையே நீலம்,
பதினேழு விழுக்காடு.
தொலைபேசியில் பாக்வே சார் துள்ளினார்:
"பதினேழா! தில்லிக்குச் சொல்லிடவா?"

பொறுங்கள் சார்.
வாசல் வைக்காத அறைகள் அவை.
துளைக்கும் துளைக்கும் நடுவே
கயோலினைட்
சீட்டுக்கட்டாய் அடுக்கி உட்கார்ந்திருக்கிறது.
கோவண்டியில் நான் இருக்கும் கட்டடத்தில்
நாற்பது வீடு.
ஒரு வீட்டு உப்பு
இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை.

இரவு விளக்கணைத்துப்
புற ஊதா ஒளியில் கடைசிப் பெட்டி.
ஒரு விரிசலின் ஓரம் மட்டும்
பொன்மஞ்சளாய்.

எண்ணெய் இருந்திருக்கிறது!
எத்தனை இலட்சம் ஆண்டோ தங்கி,
மேலே மூடுபாறை எங்கோ விட்டுக்கொடுக்க,
போயிருக்கிறது.
காலி செய்த வீட்டுச் சுவரில்
நாள்காட்டி தொங்கிய இடம்போல
இந்த மினுக்கம்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் ஃபரீதா,
"பேரல் கணக்கில் எழுத வராது."

எழுதினேன்:
நுண்துளை உண்டு, ஊடுருவல் இல்லை.
எண்ணெய்த் தடயம் மட்டும்.
கிணற்றை அடைத்துவிடலாம்.
அந்தப் படிவத்தில்
வேறெதற்கும் கட்டமில்லை.

கடைசி வண்டிக்கு ஓடியபோது
என் கைப்பையில் நகக்கண் அளவு சில்லு.
விதிப்படி தவறு.
பெட்டியில் கூட்டமில்லை, சன்னலோரம் கிடைத்தது.
வடாலா தாண்டி விளக்கு போனதும்
பையைத் திறந்து பார்த்தேன்,
வெறும் இருட்டில்
அது ஒளிராது என்று
தெரிந்தும்.