ஏழு கண்

விபத்துப் பிரிவில் ஒன்பது வருடம்.
கடற்பாறை கிழித்த முழங்கால்,
தூண்டில் ஏறிய உள்ளங்கை,
கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி
வகிடெடுத்த நெற்றி.
எல்லாவற்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து
மூடி அனுப்பியிருக்கிறேன்,
ஏழாம் நாள் வாங்கோ, நூல் எடுப்பம் என்று.

ஒரு சேட்டுக்கு முன்னால்தான் கை நடுங்கியது.

நானே வெட்டி நானே பொருத்தியது.
என். சி. வீதியில் வாங்கிய சாம்பல்நீலம், இரண்டேகால் மீற்றர்.
பெண்களுக்கென்று தொங்கவிட்டிருப்பதில் பை இருப்பதில்லை.
எனக்குப் பை வேண்டும்:
பேனை, திறப்பு,
விடியப்புறம் நித்திரையைக் கடிக்க ஒரு இஞ்சி டொபி.
கழுத்துப்பட்டி ஒரு மாதிரி வந்துவிட்டது.
கையும்தான், இடக்கை கொஞ்சம் முறைத்தாலும்.
மிச்சம் ஏழு ஓட்டை.

“வெட்டிட்டுத் தை” என்றாள் ரிபாயா,
மாத்திரை எண்ணும் தட்டிலிருந்து பார்வையை எடுக்காமல்.
கிண்ணியாப் பாலத்தால் தினமும் வருகிறவள்,
மூன்று பிள்ளைக்கும் பள்ளிச் சட்டை தானே தைப்பவள்.
“நல்ல துணியை எப்படி வெட்டுறது?”
“நீ மனிசரையே வெட்டுற.”
“அவங்கள் வெட்டுப்பட்டுத்தான் வருறவங்கள்.”

முதலில் ஒரு துண்டுத் துணி.
பதினோராம் இலக்க அலகால் குத்தி இழுத்தேன்.
இழைகள் சிலும்பி நின்றன.
ஊசி இறங்கியது, ஏறியது,
கை தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டு போனது.
நிமிர்ந்து பார்த்தால்
ஓட்டையைக் காணவில்லை.
வடுக்கூடத் தெரியாத சுத்தம்.

ரிபாயா சிரித்ததில் இரண்டு மாத்திரை உருண்டு
அலுமாரிக்குக் கீழே போயின.

பிரித்தேன்.
ஒரு உதட்டை மட்டும் தை, என்றாள்,
அது முடியுமட்டும் மற்றது உனக்கு ஆரோ.
நூலை ஊசியின் முதுகுக்குக் கீழே விட்டு இழு.
முடிச்சு வாசலில் வந்து குந்தவேணும்.
அடுத்தது அதன் தோளோடு தோள்.

இருபத்திமூன்று ஓட்டை பழகிய துண்டை
விடுதிக் கொடியில் காயவிட்டிருந்தேன்.
இந்த ஊர் மான்களுக்கு வெட்கமில்லை.
லொத்தர்ச் சீட்டுத் தின்னும், கல்யாணக் காட்டுத் தின்னும்.
கதவைத் திறந்தபோது
மூன்று இரவு வேலை அதன் வாயோரம்
வெற்றிலைபோல் மடிந்து
உள்ளே போய்க்கொண்டிருந்தது.
அதட்டினேன். மென்றபடியே பார்த்தது.

அந்தக் கிழமைதான் கொட்பேயிலிருந்து மரியநேசன் வந்தார்,
காலில் திருக்கை முள்.
கழுவிச் சுரண்டித் துணி திணித்துக் கட்டினேன்.
“தைக்கேல்லையோ டொக்டர்?”
“இது திறந்து கிடக்கவேணும்.”
“திறந்து கிடந்தா எப்படி மாறும்?”
“அடியிலயிருந்து.”
நம்பவில்லை அவர்.
கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.
பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல்,
“வலையிலயும் கண்ணைப் பிழையா முடிஞ்சா
மீன் இல்லை, பாசிதான்.”

ஊசிக்குக் கண்.
தேங்காய்க்கு மூன்று.
வலைக்கு எண்ணிக்கை கிடையாது.
புண்ணுக்கும் கண் உண்டு, பழுக்கிற நேரம்.
ஓட்டை என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்ததை
அன்றிரவு
கண் என்று சொல்லிப் பார்த்தேன்.
கொஞ்சம் துணிவு வந்தது.

வெட்டினேன்.
ஒரு கண்ணுக்கு நாற்பது நிமிடம்,
இடையில் ஒரு பாம்புக்கடி, ஒரு பிள்ளைக் காய்ச்சல்.
ஐந்தாவதில் நூல் முடிந்து வேறு நீலம்.
ஆறாவது முடிய ரிபாயா தூக்கிப் பிடித்து,
“ஆம்பிளைப் பக்கத்தில வெட்டியிருக்காய்” என்றாள்.
இருக்கட்டும்.
பை அங்கேதான் இருக்கிறது.

கீழிருந்து மேலாகப் பூட்டுகிறேன்.
ஒவ்வொன்றும் முதலில் மறுத்து,
பிறகு தலையைச் சரித்துக்கொண்டு நுழைகிறது.

கழுத்தடியில் ஏழாவதுக்கு
வெட்டவில்லை.
சித்திரை வெக்கையில் ஆர் பூட்டுவது அதை?
பொத்தான் மட்டும் இருக்கிறது,
எதிர்ப்பக்கத்து முழுத்துணியைப்
பார்த்துக்கொண்டு.