சிக் லைன்

முதல் இல்லம் புது வண்ணாரப்பேட்டையில்.
வரவேற்பறையில் மீன்தொட்டி, ஏசி, பூப்படம்.
கழிவறையை முதலில் காட்டுங்கள் என்றேன்.
மேலாளர் பக்தவத்சலம் ஒரு நொடி கண்ணிமைத்தார்.
"இப்போதான் கழுவிக்கினு இருக்காங்க மேடம்."
அரைமணி கழித்தும் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, திருவொற்றியூர் தேரடிக்குப் பின்தெரு.
பதிவேட்டைப் புரட்டினேன்.
பகல் பதினொன்றுக்கே
மூன்று மணித் தண்ணீர், ஐந்து மணி நடை,
ஏழு மணி இட்லி, எல்லாருக்கும் டிக்.
நாளைக்கும் பாதி போட்டிருந்தது.
ஜன்னலோரம் ஒரு அம்மாள்
நாக்கால் தன் உதட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எருக்கஞ்சேரியில் வாசனையே இல்லை.
பினாயில் இல்லை, மூத்திரம் இல்லை, சாம்பாரும் இல்லை.
பதினெட்டுப் பேர் இருக்கும் வீட்டில்
எதுவும் மணக்காதது பயமாக இருந்தது.
காலை பத்தரைக்கு எல்லாரும் தூங்கினார்கள்.
"ரொம்ப அமைதியானவங்க" என்றாள் ஒருத்தி.
என்ன மாத்திரை என்று கேட்டேன்.
டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்றாள்.

பஹ்ரைனிலிருந்து தம்பி கேட்கிறான்,
எத்தனை ஸ்டார் போட்டிருக்காங்க?

அப்பா தண்டையார்பேட்டை யார்டில் முப்பத்தோரு வருஷம்.
கூட்ஸ் வந்து நின்றதும்
நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு இறங்கி நடப்பார்.
சக்கரத்தில் ஒரு தட்டு. காது சாய்ப்பார்.
நல்ல சக்கரம் மணி மாதிரிப் பேசும்.
விரிசல் விட்டது இருமும்.
இருமினால் சாக்பீஸில் ஒரு குறி,
அந்த வேகன் சிக் லைனுக்கு.
பெயின்ட் புதுசா என்று அவர் பார்த்ததே இல்லை.
ஐம்பத்தெட்டு வேகன், மழையிலும், ராத்திரி மூன்றுக்கும்.

இப்போது சோற்றுத்தட்டை, கதவை,
என் முழங்கையைத் தட்டிப் பார்க்கிறார்.
என் பெயர் போன ஆடியிலிருந்து அவரிடம் இல்லை.
"யாரும்மா நீ, ஷிஃப்ட் முடியலையா?"
ஒருநாள் விடியற்காலை
கொருக்குப்பேட்டை லெவல் கிராசிங்கில் நின்றிருக்கிறார்,
லுங்கியோடு, கையில் தோசைத் திருப்பி.
கேட்கீப்பர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம்.
அன்றைக்குத்தான் இந்தக் கேள்விப் பட்டியலை எழுதத் தொடங்கினேன்.

நான்காவது காலடிப்பேட்டையில்,
உப்புப் பூத்த சுவரோடு ஒரு பழைய வீடு.
கோழிக்குழம்பு வாசனை. கொஞ்சம் மூத்திர வாசனையும்.
குறித்துக்கொண்டேன்.
ராத்திரி எத்தனை பேர்?
பன்னிரண்டு பேருக்கு இரண்டு பேர்.
குறித்துக்கொண்டேன்.
இந்த முறை அவரையும் கூட்டிப் போயிருந்தேன்.

என் கேள்விகளை அவர் கவனிக்கவில்லை.
காலியாகக் கிடந்த இரும்புக் கட்டிலின் ஒரு காலை
விரல் முட்டியால் தட்டினார்.
அடுத்தது. மூன்றாவதில் நின்றார்.
"இது சரியில்ல."

மன்னிப்புக் கேட்கும் சிரிப்பை நான் தயார் செய்வதற்குள்
ஜெசிந்தா, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு,
தரையில் குத்துக்காலிட்டுப் பார்த்தாள்.
பாதி பின்னிய ஜடையோடு ஒரு பாட்டியம்மா
பின்னாலிருந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தது.
"ஆமாம்பா. ரப்பர் புஷ் கழண்டுகினு கீது.
நீ சொல்லலன்னா தெரிஞ்சே இருக்காது."
சாக்பீஸ் இல்லை.
காலண்டர் ஆணியில் தொங்கிய பென்சிலை
அவர் கையில் கொடுத்தாள்.
குறி போட்டார்.
பிறகு நான்காவது காலையும் தட்டினார். விடவில்லை.

பட்டியலில் இன்னும் ஒன்பது கேள்வி இருந்தது.
ஒன்பதையும் கேட்டேன்.
இரண்டுக்கு அவர்களிடம் பதில் இல்லை.
இல்லை என்றே சொன்னார்கள்.

முன்பணம் கட்டியாயிற்று.
செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் விடவேண்டும்,
நான்கு லுங்கி, பெயர் தைத்த சட்டைகள், பல்செட் டப்பா.
வெள்ளிக்கிழமை ராத்திரி, பத்துக்கு மேல்,
சொல்லாமல் போவேன்.
கதவை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு,
எவ்வளவு நேரம் கழித்து
உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறதென்று
எண்ணிக்கொண்டு நிற்பேன்.