எந்த அழகு

மேலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில்
தேடுகூலி கட்டிவிட்டு நிற்கிறேன்.
"அப்பா பேரு?"
அழகு.
"தாத்தா?"
அழகு.
"அவரைப் பெத்தவரு?"
அவரும் அழகுதான் சார்.
எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர்மேல் தப்பில்லை.
இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால்
ஓர் அழகுமேல்தான் விழ வேண்டும்.
மொட்டையடித்துக் காது குத்திய கையோடு
மலையடியிலேயே வைத்துவிட்டு வந்த பேர்கள்.
ஆணுக்கும் அது, பெண்ணுக்கும் அது.

என் வகுப்பில் ஐந்து அ. அழகு.
வாத்தியார் நம்பர் போட்டார்,
நான் மூணாம் அழகு.
கணக்கில் நான் வாங்கிய பதினெட்டு மார்க்குக்கு
நாலாம் அழகு அவன் வீட்டில் அடி வாங்கினான்.
இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

சித்திரைத் திருவிழாவில் ஒருமுறை
தமுக்கத்து மைக்கில் சொன்னார்கள்:
அழகு என்ற ஆறு வயதுப் பையன்
சிவப்பு டவுசர் போட்டு அழுதுகொண்டிருக்கிறான்,
தகப்பனார் அழகு எங்கிருந்தாலும்
உடனே மேடைக்கு வரவும்.
பதினோரு பேர் போனார்கள்.
என் அப்பாவும் போனார்,
நான் அவர் தோளில் உட்கார்ந்திருக்க.
"பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாய்ங்க,
போகாம எப்படி?"

இப்போது நாலுவழிச் சாலைக்காரன்
கண்மாய்க்கு மேற்கே அறுபத்தேழு சென்ட்டுக்குப்
பணம் ஒதுக்கியிருக்கிறான்.
பட்டா அழகு பேரில்.
வாரிசு என்று மனுப் போட்டவர்கள் பத்தொன்பது பேர்.
இதில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை,
அதுதான் தாசில்தாருக்குத் தலைவலி.

ஊருக்குள் எங்களுக்குக் குழப்பமே கிடையாது.
உப்புமூட்டை வகையறா,
பினாங்குக்காரர் வீடு,
ஒத்தக்காளை பங்காளிகள்.
நாங்கள் வெந்தகால் வகையறா.
யாருடைய கால், எந்த அடுப்பு,
கேட்டால் பெரியவர்களும் முழிப்பார்கள்.
சர்க்கார் காகிதம் எதிலும்
வெந்தகால் என்று எழுதுவதில்லை.

எழுத்தர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
பூச்சி அரித்த ஒரு பேரேட்டைத்
தூசியோடு என் முன்னால் போட்டார்.
"நீங்களே பாத்துக்கங்க."
பதினாலு அழகுகளைத் தாண்டிப் பதினைந்தாவதில்
கண்மாய், மேற்கு, அறுபத்தேழு.
ஒத்தி எழுதிக் கொடுத்தது
அழகு, க/பெ அழகு.

க/பெ.

பூட்டன் என்று இத்தனை நாள் தேடிய ஆள்
ஒரே கோட்டில் பூட்டியாகிவிட்டாள்.
பக்கத்தில் இடக்கைப் பெருவிரல்,
பாதிதான் பதிந்திருக்கிறது.
அங்க அடையாளம்:
வலது கணுக்காலில் வெந்த தழும்பு.

நெஞ்சு அடித்துக்கொண்டது.
"கெடைச்சிருச்சு சார்."
அவர் எட்டிப் பார்த்தார்.
"தழும்பு செத்ததோட எரிஞ்சிருக்கும்லய்யா,
அத வச்சு என்ன பண்ணப்போறீக?"

எனக்கு வேறொன்று உறுத்தியது.
புருஷன் பேரை வாயால் சொல்லாத காலம்.
தாலி ஏறிய நாளிலிருந்து அவளுக்குத்
தன் பேரையும் சொல்ல வாய்க்கவில்லை.
கிணற்றடியில் ஒருத்தி கேட்டிருப்பாள்,
சந்தையில் எவனாவது கேட்டிருப்பான்,
சும்மா சிரித்திருப்பாள்.
ஆனால் பதிவாளர் விடமாட்டாரே.
பேரென்னம்மா, சத்தமாச் சொல்லு,
என்று அதட்டியிருப்பார்.
அவள் வாசலுக்கு வந்து
மேற்கே கை நீட்டி
மலையைக் காட்டியிருப்பாள்.
எந்தக் குமாஸ்தாவோ புரிந்துகொண்டு
எழுதியிருக்கிறான்.
அடுத்து, புருஷன் பேரு?
கையை இறக்காமலே நின்றிருப்பாள்.

"நகல் வேணும்னா தனி மனு.
ஒங்க பேரச் சொல்லுங்க."
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
எதிரே மூன்று மாடி ஜவுளிக்கடை,
ஆடித் தள்ளுபடித் தட்டி.
வாயைத் திறந்துதான்
சொல்ல வேண்டியிருந்தது.

பின்னால் பெஞ்சிலிருந்து
இரண்டு பேர் எழுந்தார்கள்.