விரலெச்சம்

கருங்கல் அண்டி ஆபீசில்
முழுப்பருப்புக்கு ஒரு கூலி, பிளந்ததுக்கு ஒரு கூலி,
நுறுங்கினதுக்கு மேஸ்திரி தாசையனின் வாய்.
பதினோரு வருஷமாய் எனக்குத் தெரிந்த
இலக்கணம் அது ஒன்றுதான்.

சனி ஞாயிறுகளில் மார்த்தாண்டம்.
கம்பிக்கடை மாடி, தகரக் கூரை,
பேங்க் பரீட்சைக்கு இங்கிலீஷ்.
வாக்கியத்தை நாலாய் நறுக்கி வைத்திருப்பார்கள்,
சொத்தை எந்தத் துண்டில் என்று நாம் சொல்ல வேண்டும்.
சொத்தையே இல்லையென்றால் ஈ.
பிழையில்லை.

பிரைட்சிங் சாருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு.
அக்கா என்றுதான் கூப்பிடுவார்.
"சந்தைக்கு நடந்து, நாய் என்னைக் கடித்தது.
சந்தைக்குப் போனது யாருக்கா?"
"நாயி" என்றேன்.
கிளாஸ் சிரித்து முடியக் கொஞ்ச நேரம் ஆனது.
"கரெக்டு. மாடிஃபயர் தொங்குது.
எச்சத்தைச் செய்த ஆளு வேற,
முடிக்கிற ஆளு வேற."
தொங்குவது எனக்குப் புதிதில்லை.
காலை ஏழேகால் பஸ்ஸில்
குழித்துறை வரை என் ஒரு கால் வெளியில்தான்.

அப்புறம் டென்ஸ்.
தொடங்கின வருஷம் தெரியும்,
முடிகிற வருஷம் தெரியாது,
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.
இதற்கென்றே ஒரு காலத்தைத் தனியாக
வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்: ஹேஸ் பீன்.
நோட்டில் எழுதிப் பக்கத்தில்
'குழுக்கடன்' என்று குறித்துக்கொண்டேன்.
மறக்கவே இல்லை.

வயது வரம்புக்கு ஏழு மாதம் மீதி இருக்கையில்
நாகர்கோவிலில் பரீட்சை.
வாசலில் பெருவிரல் மெஷின்.
வைத்தேன். சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
"வேற விரல் வைங்க."
பத்தையும் வைத்தேன்.
அண்டிப்பால் தின்ற விரலில்
ரேகை எங்கே இருக்கும்?
சாம்பல் தொட்டுத்தான் உடைப்போம், என்றாலும்
தோடு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தெறிக்கும்.
பின்னால் நின்ற பெண் உச்சுக்கொட்டினாள்.

அப்போதுதான் அந்த வாக்கியம் தானாக வந்தது:
பதினோரு வருஷம் அண்டி உடைத்து,
மெஷினுக்கு என் விரல் தெரியவில்லை.

உடைத்தது யாரு?
மெஷின்.
தொங்குது சாரே.

திருத்தப் பார்த்தேன்.
பதினோரு வருஷம் அண்டி உடைத்து, நான்...
நான் வந்தாயிற்று, எழுவாய் சரி.
அடுத்து ஒரு வினைமுற்று வேண்டும்.
நான் என்ன செய்தேன்,
என்ன ஆனேன்?
வரிசை முழுக்க என் பின்னால் நின்றது.
ஒரு சொல்லும் வரவில்லை.

கடைசியில் ஒரு உறுதிமொழித் தாள் நீட்டினார்கள்.
அச்சடித்த இங்கிலீஷ்.
இரண்டாம் வரியில் போன வருஷத்து வினையும்
நாளைக்கான வினையும்
ஒரே பாயில் படுத்திருந்தன.
பேனாவை எடுத்து ஒன்றை அடித்தேன்.
"ஏம்மா, அதிலெல்லாம் கை வைக்கக் கூடாது!"
"டென்ஸ் தப்பு சார்."
அவர் தாளைப் பார்த்தார்,
என் கையைப் பார்த்தார்,
மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.
உருட்டி ஒற்றினேன்.
கோடே இல்லாத ஒரு கறுப்பு வட்டம்,
உள்ளே போகச் சொன்னார்.

முப்பத்தேழாம் கேள்விக்கு ஈ போட்டேன்.
எவ்வளவு நல்ல வாக்கியம்!
ஒரு கப்பல், ஒரு துறைமுகம், ஒரு மாலைநேரம்.
வெளியே வந்தபின் சொன்னார்கள்,
பி-யில் பிழையாம்.
கால் மார்க் போயிற்று.
வழுவை வழுவென்றே வெட்டுகிற கணக்கு அது,
அமைதி சொல்லிச் சேர்த்துக்கொள்ள
அதில் கட்டமே கிடையாது.

வடசேரியில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன்.
டிரைவர் இன்னும் சாயாக்கடையில்.
மகன் ஆன்றோ போன் போட்டான்.
"அம்மா, எங்க நிக்கிற?"

"இன்னா, வந்துட்டேன் மக்கா" என்றேன்.