முகத்திலிருந்து இடுப்புக்கு

ரூயன் நொராண்டா மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
அசையாதே என்பேன், மூச்சை விடு என்பேன்.
ஐஸ் ஹாக்கியில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது.
கோல் காவலர்களை மட்டும்
எலும்பை வைத்தே சொல்லிவிடுவேன்,
பிறந்த வருடத்தையும் ஏறக்குறைய.

ஒவிலா ஜாந்த்ரோன் சைனஸ் என்று வந்தார்.
தாமிரச் சுரங்கத்து அணிக்காகப்
பதினோரு குளிர்காலம் வலைமுன் நின்றவர்.
மண்டையோடு திரையில் ஏறியது.
மூக்கு மூன்று இடத்தில் கூடியிருந்தது.
கன்னத்தில் குறுக்கே ஒரு கோடு,
அவசரத்தில் ஒட்டவைத்த பீங்கான் போல.
"முகமூடி போட்டால் பயந்தாங்கொள்ளி என்பான்கள்"
என்று சிரித்தார்.
மேல்வரிசையில் சொந்தப் பல் இரண்டு.

பேடுக்குள் மான்முடி அடைத்திருக்குமாம்.
ஆட்டம் தொடங்கும்போது அது வெறும் தோல்.
கடைசி இருபது நிமிடத்தில்
நனைந்த கன்றுக்குட்டி,
காலுக்கு ஒன்று.
அதற்கும் முந்திய காலத்தில்
கிரிக்கெட் பேடு கட்டி நின்றார்களாம்,
மைதானம் மாறி வந்துவிட்ட மட்டையாளர்கள்.
விழுந்து தடுத்தால் தண்டனையாம்.
நின்றபடியே வாங்க வேண்டும், எல்லாவற்றையும்.

கடைசி சீசனில் மைத்துனர்
படகு ஓட்டையடைக்கும் கண்ணாடியிழையில்
ஒரு முகமூடி செய்து கொடுத்தார்.
அச்செடுக்க
நாசிக்குள் இரண்டு உறிஞ்சுகுழல்,
முகம் முழுக்க வாசலின், அதன்மேல் சாந்து.
சமையலறைத் தரையில் இவர் பிணமாய்க் கிடக்க
ஃப்ளோரெத் உருளைக்கிழங்கு உரித்தபடி
தாண்டித் தாண்டிப் போனாளாம்.
ஒருமுறை தாண்டாமல் நின்று
அழுதாளாம்.
அது சாந்துக்குள்ளிருந்தும் கேட்டதாம்.

அந்த முகமூடிக்குப் பிறகுதான்
ரப்பர் வில்லை பறக்கும் உயரத்துக்கு
முகத்தைக் கொண்டுபோக அவருக்குத் துணிவு வந்தது.
அதற்குள் வயது போயிருந்தது.

மேகான் பெல்யூமர் வந்தது பிப்ரவரியில்.
இருபத்துநாலு வயது. பல்கலைக்கழக அணி.
முகத்தில் ஒரு கீறல் கிடையாது,
விளம்பரத்துக்கு வைத்ததுபோல் பல்வரிசை.
காலுறை கழற்றக் குனிந்தவள்
பாதியில் நின்றாள்.

தன் ஆட்டத்தைப் போனில் காட்டினாள்.
முழங்கால்கள் உள்ளே மடிந்து பனியில் அறைய,
கணுக்கால்கள் இருபுறமும் விரிய,
ஒரு கணம் தரையெங்கும் சுவர்.
பட்டாம்பூச்சி என்று பெயராம்.
"பெரும்பாலான அடி தாழத்தான் வரும்,
அதனால் தாழ்வை மூடிவிடுகிறோம்.
வீரமெல்லாம் இல்லை, கணக்கு."
அவள் பேடு நுரை, தண்ணீர் குடிக்காது.
ஒன்றின் எடை அரைப் பை பால்.
வலையோடு கலந்து தெரியட்டும் என்று வெள்ளை.
ஒரு விரல் பருத்தாலும்
அதிகாரி நாடாவோடு வந்துவிடுவாராம்.

ஒரு பயிற்சிக்கு எத்தனை முறை விழுவாய்?
"முந்நூறு இருக்கும்."
எப்போதிருந்து?
"எட்டு வயசு."

படம் வந்தது.
தொடையெலும்பின் கழுத்தில் ஒரு சிறு மேடு.
கிண்ணத்துக்குள் உருள வேண்டிய பந்து
விளிம்பில் இடிக்கிறது.
பார்த்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
டாக்டர் பேசுவார் என்றேன்,
இருபது வருடமாகச் சொல்லும் அதே குரலில்.

அவளோ
எதிராளியின் தோள் அசைவதற்குள்
வில்லை எந்த மூலைக்கு என்று அறிகிறவள்.
என்னைப் பார்த்தாள்.
"இடது மட்டுமா, ரெண்டுமா?" என்றாள்.

நான் திரையைத் திருப்பிவைத்தேன்.

அடுத்து வார்டில் ஒரு படம்.
ஈயக் கவசத்தை எடுத்து மாட்டினேன்,
நாலு கிலோ.
கதிர் உள்ளே வராது.
தோளிலிருந்து முதுகுத்தண்டின் அடிவரை
ஒரு வலி,
மூன்று வருடமாக.
இன்னும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.