ஓர் உள்ளங்கை அகலம்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி இறுகிக் கிடக்கிறது.
இரவெல்லாம் பனி வாரும் லாரி ஓட்டிவிட்டுக்
காலை எட்டுக்குப் படுக்கிறவன் டேரல் ஸ்குட்.
எட்டேகாலுக்கு அவன் தலைக்கு மேல்
கல்லை மென்று விழுங்கும் வெர்னாவின் சிங்க்.

'எய்னோ, நீ வருகிறாயா,
நான் சுத்தியலோடு மேலே போகட்டுமா?'
மூன்றாவது புகார் இது.
இந்தக் கட்டடத்தில் பதினாறு வீடு,
பதினாறு சிங்க், அடியில் பதினாறு அரவைத் தொண்டை.
அத்தனைக்கும் நான் ஒருவன்தான் வைத்தியன்.

வெர்னா லிண்ட்குவிஸ்டுக்குக் காது கேட்காது.
மணியை அழுத்தினால் கூடத்து விளக்கு மினுக்கும்,
அவள் வருவாள்.
முட்டைக் கூப்பன் ஒன்றின் முதுகில் எழுதினேன்:
கீழ்வீட்டுக்குச் சத்தம்.
படித்தாள். காது மடல் வரை சிவந்தாள்.
எவ்வளவு சத்தம்? என்று எழுதி நீட்டினாள்.

கல் நிறைந்த வாளி மாடிப்படியில் உருண்டால்
என்று எழுதினேன். அடித்தேன்.
நிறைய
என்று எழுதினேன்.

முதலில் பிரேக்கரை இறக்கினேன்.
சுவிட்சை மட்டும் நம்பிக் கையை விட்டவன் ஒருவனை
எனக்குத் தெரியும்; இப்போது
ஒன்பது வரைதான் விரல்விட்டு எண்ணுவான்.
டார்ச் அடித்து இடுக்கியை இறக்கினால்
செர்ரிக் கொட்டை, ஒரு பீர் மூடி,
ஊறி வெளுத்த ரப்பர் பாண்டு,
யாருடையதென்று தெரியாத சட்டைப் பித்தான்.

சிங்குக்கு அடியில் மல்லாந்து
அரைப்பானின் தொப்புளில் ஆலன் சாவியைச் செருகி
இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.
நறநறத்தது. முரண்டியது. பிறகு வழுக்கிச் சுழன்றது.
வாயில் இருந்த ரப்பர் தடுப்பை உருவி
மறுபக்கம் திருப்பித் தேய்த்தேன் –
நாற்றம் குடியிருப்பது அங்கே;
ஜனங்கள் எலுமிச்சைத் தோலை உள்ளே தள்ளி
அதற்கு அத்தர் பூசுகிறார்கள்.
தாங்குகிற வளையமோ
தொட்டதும் பிஸ்கெட்டாய் உதிர்ந்தது.
புதியது மாட்டி மூன்று திருகையும் முறுக்கினேன்.
குழாய் பலகையில் உரசும் இடத்தில்
பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு.
கடைசியாகச் சிங்கின் அடிவயிறு முழுக்கத்
தடித்த தார் அட்டை.

குளிர்ந்த தண்ணீரைத் திறந்து சுவிட்சைத் தட்டினால்
தூங்கும் பூனையின் மூச்சு.
முழங்கால் முறிய, பெருமையாக எழுந்தேன்.

வெர்னா சிங்கின் விளிம்பில் கை வைத்தாள்.
காத்திருந்தாள்.
சுவிட்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஓடவில்லையே.
ஓடுகிறது என்று தலையாட்டினேன்.

கூப்பனில் இடம் போதாமல்
மின்கட்டண உறையைக் கிழித்து எழுதினாள்:
கரகரப்பு நிற்கும்வரை விடு,
நின்றதும் பத்து எண்ணு,
தண்ணீரை அப்புறம் மூடு
என்று சொன்னது நீதானே.
அதெல்லாம் இந்தக் கையால்தானே கேட்டேன்?

கேட்டேன் என்றுதான் எழுதியிருந்தாள்.

மறுபடி மல்லாந்தேன்.
வலது ஓரம், அவள் கை படியும் இடத்துக்கு நேர் கீழே
ஓர் உள்ளங்கை அகலத்துக்கு
அட்டையைக் கத்தியால் கீறி உரித்தேன்.
பசை இன்னும் காயவில்லை,
மீசையில் ஒட்டிக்கொண்டது.

அவள் கை வைத்தாள். ஒரு பிடி உருளைத் தோலைத் தள்ளினாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
அடங்கிவிட்டது என்று மறுகையை உயர்த்தியபோது
என் காதில் இன்னும் அரைபட்டுக்கொண்டிருந்தது.
அரை நொடி கழித்துத்தான்
எனக்கு அடங்கியது.

நாலு நாள் கழித்து டேரலை
லாரிக்குப் பக்கத்தில் பார்த்தேன். புகைத்துக்கொண்டிருந்தான்.
'தேவலை' என்றான். 'தூங்குகிறேன்.
ஆனாலும் எட்டேகாலுக்கு லேசாக ஒரு முனகல்.'
'பிரிட்ஜ்' என்றேன்.
'யாருடையது?'
'ரொம்பப் பழசு. அதை ஒன்றும் செய்ய முடியாது.'